கண்மாயை ஒட்டி வீடும் தோட்டமும்: படத்தில் பார்ப்பதுபோல் கட்ட முடியுமா?

உப்பூரான்:

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடமாக ஷார்ஜாவில் வேலை. இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்கே வந்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். ராமநாதபுரம் மாவட்டம் உப்பூருக்கு மேற்கே அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். நிலத்தின் கிழக்கு எல்லையில் கண்மாய். கரை இருக்கும் பக்கம் இல்லை, அதற்கு எதிர்ப்பக்கம். கடல் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் இருக்கும். கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, அடித்தால் வீட்டு வாசல் வரை உப்பு வாசம் வரும்.

மனைவி திருச்சிக்காரி. வீட்டு அலங்காரப் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். உள் அலங்கார நிபுணர்கள் தங்களுக்கென்று ஏரிக்கரையில் கட்டிக்கொண்ட வீடுகள், தோட்டங்கள். அதில் இலங்கையில் இருக்கும் லுனுகங்கா என்ற இடத்தின் படம் மட்டும் முப்பதுக்கு மேல். அவள் கேட்பது இதுதான்: தண்ணீரைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி, வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் சரிவாகப் புல்தரை, கூடத்தில் வெள்ளை சோஃபா, நீரோரத்தில் ஒரு கல் பெஞ்சு.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். "எல்லாம் சரிதான்டா, கண்மாய்ல தண்ணி கெடந்தாத்தான பெஞ்சுல உக்காந்து பாக்குறதுக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

தோட்டம், சுற்றுச்சுவர் எல்லாம் சேர்த்து அறுபது லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். நம் பக்கம் இப்படிக் கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இங்கிருந்து சோஃபா, விளக்கு எல்லாம் கன்டெய்னரில் அனுப்பினால் லாபமா?

பழைய கணக்கு:

தம்பி, அலங்காரத்துக்கு முன்னால் ஆவணம். இருபத்தேழு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கரைக்கு எதிர்ப்பக்கம் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பு, தொடங்குவதே அங்கேதான். பத்து வருடம் மழை சரியாக இல்லாவிட்டால் உள்வாய் எது, பட்டா நிலம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. கருவேலம் இரண்டையும் ஒன்றாக மூடிவிடும். ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்து, சர்வேயரை வைத்துக் கல் நட்டுப் பாருங்கள். கண்மாய் நிறைந்தால் நீர்மட்டம் எதுவரை ஏறும் என்று ஊரில் எழுபது வயது தாண்டிய யாரையாவது கேளுங்கள். கலுங்கின், அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் இடத்தின், மேல்மட்டத்திலிருந்து ரசமட்டம் பிடித்தால் அது இன்னும் துல்லியம். வீட்டின் தரைமட்டம் அதைவிட நல்ல உயரத்தில் இருக்க வேண்டும்.

உள்வாய்க்குள் ஓர் அடி போனாலும் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. வீடு அழகாக இருக்கிறது என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். நிலத்துக்குள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினால் முதல் வம்பு கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களோடுதான்.

கடல் நான்கு கிலோமீட்டர் என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். அது உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர். ஆனால் பக்கத்தில் ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழி ஏதாவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கண்மாயை ஏரி என்று சொல்லாதீர்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்குப் பெயர் வைத்த சீமை இது.

முற்றம்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் மனைவி கேட்ட அந்தக் கண்ணாடிச் சுவரை நான் எனக்கே கட்டி, நானே இடித்தவள்.

சென்னையில் இருபத்திரண்டு வருடம் உள் அலங்கார வேலை. அடுக்குமாடி வீடுகள், இரண்டு மூன்று நகைக்கடைகள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பண்ணை வீடுகள். 2016-ல் அம்மாவுக்கு முடியாமல் போனதும் திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன். எங்கள் ஊர்க் கண்மாய் சிறியது. அதன் மேல்புறம் எங்களுக்கு எண்பது சென்ட். உங்களுக்கு இருக்கும் அதே அமைப்பு.

லுனுகங்காவுக்கு நான் போயிருக்கிறேன். அதைக் கட்டியவர் ஜெஃப்ரி பாவா. உள் அலங்காரக்காரர் இல்லை, கட்டடக் கலைஞர். அதற்கும் முன்னால் வக்கீல். பெந்தோட்டைக்குப் பக்கத்தில் தெதுவ ஏரிக்கரையில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை 1940-களின் கடைசியில் வாங்கி, 2003-ல் இறக்கும் வரைக்கும் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். 'லுனு' என்றால் சிங்களத்தில் உப்பு, 'கங்கா' ஆறு. உப்பாறு. பெயரைக் கேட்டால் உங்கள் உப்பூருக்கு உறவுபோல் இருக்கும். உறவு பெயரோடு சரி. தென்மேற்கு இலங்கையில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நமக்கு 800 தேறினால் நல்ல வருடம், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். நான் போன அன்று சாயங்காலம் மழை பிடித்தது. சுவர், சிலை, படி, கல் எல்லாம் பாசி. அந்த ஊரில் பாசிதான் பெயின்ட். நம் ஊரில் அந்தச் சுவரைக் கட்டினால் பங்குனியில் மூக்குப்பொடி நிறத்துக்கு வந்துவிடும்.

ஆனால் போய்ப் பார்த்ததில் வேறொரு விஷயம் பிடிபட்டது. எல்லோரும் அங்கே ஏரியைப் படம் எடுக்கிறார்கள். அவரோ வீட்டின் முக்கியமான பார்வையை ஏரியோடு நிறுத்தவில்லை. எதிரே இருக்கும் குன்றின் தலையைச் செதுக்கி, மரங்களைக் கழித்து, தூரத்தில் ஏரிக்கு அப்பால் இருக்கும் விகாரையின் தாதுகோபுரம் தெரிகிற மாதிரி செய்தார். நடுவில் ஒரு மரத்தடியில் ஒரு பெரிய சீனத்துச் சாடி. கண் முதலில் சாடியில் நிற்கும், அப்புறம் மேலே போகும். வீட்டுக்கும் குன்றுக்கும் இடையில் ஊர்ச்சாலை ஒன்று போகிறது. பள்ளத்தில் இறக்கிவிட்டதால் அது கண்ணுக்கே படாது. அரளி குடும்பத்து மரம் ஒன்று, நாம் கோயில்களில் பார்க்கும் பெருங்கள்ளி. அதன் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படர வைத்திருக்கிறார். என்ன தெரிய வேண்டும், என்ன தெரியக் கூடாது என்று ஐம்பது வருடம் உட்கார்ந்து யோசித்த வீடு அது.

அதே மனிதர் 1970-களில் மதுரையில் ஒரு மில்லுக்காக கிளப் கட்டினார், இப்போது ஹோட்டல். போய்ப் பாருங்கள். உள்ளூர்க் கருங்கல், பழைய வீடுகளிலிருந்து எடுத்த தூண். லுனுகங்காவை அவரே மதுரைக்குத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

சரி, என் கதை. 2017-ல் கண்மாயைப் பார்த்து பன்னிரண்டு அடி அகலத்துக்கு நகரும் கண்ணாடிக் கதவு போட்டேன். கார்த்திகையில் தண்ணீர் வாசலுக்கு நூறடி தள்ளி வந்து நின்றது. அல்லி பூத்தது. நத்தைகுத்தி நாரை இறங்கியது. சென்னையிலிருந்து தோழிகள் வந்து படம் எடுத்துப் போனார்கள். நான் கொஞ்சம் தலைகால் புரியாமல் நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

தை முடியும்போது தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியது. எங்கள் கண்மாய் தட்டுபோல ஆழமில்லாதது, உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். வரத்துப் பக்கம் மேடு, கரைப் பக்கம் பள்ளம். அதனால் வற்றும்போது தண்ணீர் நம்மை விட்டு விலகி, கரையோரம் மடைக்குப் பக்கத்தில் போய்க் கிடக்கும். மாசியில் தண்ணீர் ஒரு வெள்ளிக் கோடு. பங்குனியில் அதுவும் இல்லை. பாளம் பாளமாக வெடித்த களி, அதில் வெள்ளாடு, அங்கங்கே முளைத்த கருவேலங்கன்று. என் பன்னிரண்டு அடிக் கண்ணாடி வழியாக ஏழு எட்டு மாதம் நான் பார்த்தது அதைத்தான்.

கண்ணாடி தெளிவாக இருந்திருந்தால் அதையாவது ஒழுங்காகப் பார்த்திருப்பேன். உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து துடைத்த மூன்றாம் நாள் பால் பூத்துவிடும். ஆனியில் கச்சான், அதாவது மேல்காற்று, கிளம்பியதும் அலுமினியத் தடத்தில் மணல் ஏறி, கதவை இரண்டு பேர் தள்ள வேண்டி வந்தது. காலை வெயில் நேராக உள்ளே. உங்கள் ஊரில் கருவறைக்கு மேலே கூரை இல்லாமல் வெயிலுகந்த விநாயகர் இருக்கிறாரே, வெயிலை உகப்பது அவரோடு போகட்டும்.

மூன்றாம் வருடம் இடித்தேன். அந்த இடத்தில் இப்போது செங்கல் சுவரும், நான்கடிக்கு ஐந்தடியில் மரக்கதவு வைத்த ஒரு ஜன்னலும் இருக்கின்றன. அந்த ஜன்னலுக்கு இடம் குறிக்க ஒரு சித்திரை மாதம் முழுக்க அதே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்க்கரையில் ஐந்து பனை, அதற்குக் கீழே அய்யனார் கோயிலும் சுதைக் குதிரையின் தலையும். தண்ணீர் கிடந்தாலும் கிடக்காவிட்டாலும் அவை அங்கேதான் இருக்கும். உட்கார்ந்தபடி பார்த்தால் ஜன்னலின் நடுவில் அந்த ஐந்து பனையும் விழுகிற மாதிரி வைத்தேன். ஐப்பசியில் கீழ்ப்பாதி நீராகும். வைகாசியில் கீழ்ப்பாதி சாம்பல் நிறக் களி. இரண்டுமே நன்றாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

உங்களுக்கு என் யோசனை இது. நிலத்துக்குக் கிழக்கே கண்மாய், அதற்கும் கிழக்கே கடல் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கிழக்கே நீளத் திண்ணை போடுங்கள், குறைந்தது எட்டடி அகலம், கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கட்டும். சாயங்காலம் கொண்டல் நேராக உள்ளே வரும். மேற்கே ஜன்னலைக் குறையுங்கள். சாமான் அறை, குளியலறை, கார் நிறுத்தம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளுங்கள். ஆடியில் அம்மி பறக்குமோ என்னமோ, மேற்குப் பக்கத்து ஓடு பறக்கும். நடுவில் முற்றம். தோட்டத்தின் நல்ல பாதியை அந்த முற்றத்துக்குள்ளேயே வையுங்கள். காற்று, உப்பு, ஆடு மூன்றும் அதற்குள் வராது.

கன்டெய்னர் வேண்டவே வேண்டாம். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த சாமான்கள் ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். வெள்ளை சோஃபா பற்றி உங்கள் மனைவியோடு நான் சண்டைக்கு நிற்கவில்லை. கழற்றித் துவைக்கிற பருத்தி உறையாகப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். என் கூடத்தில் சோஃபாவே இல்லை. இரண்டு பக்கம் சிவப்பு ஆக்சைடு பூசிய திண்ணை, மேலே கோரைப்பாய், திண்டு. ஒரு கயிற்றுக்கட்டில். தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதுவும் நடுவில் பாய் விரித்தமாதிரி ஒரு சதுரம் மட்டும், சுற்றிலும் வெறும் சிமென்ட் தரை. வீடு முழுக்க ஆத்தங்குடி போட்டால் கல்யாண மண்டபம்போல் ஆகிவிடும் என்பது என் அபிப்பிராயம். பித்தளைக் கைப்பிடி அழகுதான், மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க ஆள் இருந்தால். எனக்கு இல்லை, மரக்கைப்பிடி போட்டேன். நிலைக்கண்ணாடி நல்லதாக வாங்கினால்கூட ஓரத்தில் கறுப்புப் புள்ளி வந்துவிடுகிறது.

சுவருக்குச் சுண்ணாம்பு. வெறும் வெள்ளை நம் வெயிலில் கண்ணைக் குத்தும். ஒரு சிட்டிகை நீலமும் கொஞ்சம் கரித்தூளும் சேர்த்தேன். வெடித்துக் காய்ந்த கண்மாய்க் களியின் நிறத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. வெளியே இருக்கும் நிறம் உள்ளேயும் இருந்தால் வறட்சி வறட்சியாகத் தெரியாது.

ரசமட்டம்:

முற்றம் அக்கா அலங்காரம் சொல்லிவிட்டார்கள். நான் பரமக்குடியில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன், கலவைக் கணக்கு சொல்கிறேன்.

முதல் விஷயம் தண்ணீர். உங்கள் இடத்துப் போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் இரண்டு வருடத்தில் பூச்சு பொரிந்து, தரையிலிருந்து மூன்றடிக்கு உப்பு பூத்து நிற்கும். கான்கிரீட்டுக்குள் போனால் கம்பியைத் தின்றுவிடும். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்குங்கள். இல்லையென்றால் கண்மாயில் மழைத்தண்ணீர் கிடக்கும் மாதங்களில் ஊரில் அனுமதி கேட்டு வேலையை முடியுங்கள். கடற்கரை மணலை யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடும் கனம். கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிப்படி 45 மில்லிமீட்டர், கலவை குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரம். நம் ஆட்கள் பழக்க தோஷத்தில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை வைத்துவிட்டுப் போவார்கள். கம்பி கட்டும் அன்று ஸ்கேலோடு நீங்களோ உங்கள் அப்பாவோ நிற்க வேண்டும்.

மூன்றாவது மண். கண்மாய் ஓரம் களி. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரத்துக்கு மூன்றடி வானம் தோண்டிக் கல் வைத்துக் கட்டினால் சுவரில் மூலைக்கு மூலை கோடு விழும். மண் பரிசோதனை செய்துவிட்டு, தேவைப்பட்டால் அடி பருத்த பைல், அதாவது துளை போட்டு இறக்கும் கான்கிரீட் தூண், போடுங்கள். செலவுதான். இதை மிச்சம் பிடித்து சோஃபா வாங்காதீர்கள்.

கூரைக்கு வைரம் பாய்ந்த பழைய பனைச் சட்டமும் ஓடும் போட்டால் துருப்பிடிக்கும் பேச்சே இல்லை. ஆனால் நிற்கிற பனையை வெட்டாதீர்கள், இப்போது அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். இடிக்கிற வீடுகளில் கிடைக்கும். காரைக்குடிப் பக்கமும் விசாரியுங்கள்.

உப்பூரான்:

ஐயா, அக்கா, அண்ணே, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மனைவிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கண்ணாடிச் சுவர் போச்சு. ஐந்து பனை விஷயத்தில் அவள் ஒன்றுமே பேசவில்லை, பிறகு அந்த இடத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். வெள்ளை சோஃபா இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

அவள் கேட்கச் சொன்னது தோட்டம். புல்தரை வருமா வராதா? லுனுகங்கா மாதிரி பச்சைப் பசேல் என்று இல்லாவிட்டாலும், வெளியே வந்தால் தோட்டம் என்று சொல்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்கிறாள். தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

முற்றம்:

புல்தரை: வராது. கொரியன் புல் நானும் போட்டேன். ஒரு கோடையில் உப்புத் தண்ணீர் குடித்து ஓரம் ஓரமாகக் கருகியது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ஆடு கணக்குத் தீர்த்தது. இப்போது வாசலில் பெருக்கிய மணல் முற்றம்தான். காலையில் தண்ணீர் தெளித்து ஈர்க்குமாறால் பெருக்கினால் அந்தக் கோடுகளே ஒரு வேலைப்பாடு. என் பாட்டி வீட்டு வாசல் அப்படித்தான் இருந்தது. அப்போது அதை யாரும் தோட்டக் கலை என்று சொல்லவில்லை.

தண்ணீர்க் கணக்கு இப்படி. 1,500 சதுர அடிக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர். சிந்தியது, முதல் மழைக்குக் கழுவிவிட்டது எல்லாம் போக எண்பது, தொண்ணூறாயிரம் கைக்கு வரும். முற்றத்துக்கு அடியில் முப்பதாயிரம் லிட்டர் தொட்டி கட்டினேன். குடிக்க, சமைக்க, தொட்டிச் செடிக்கு அதுதான். கார்த்திகையில் நிரம்பி வழியும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், இன்னும் பெரிதாகக் கட்டியிருக்கலாமே என்று. நீங்கள் ஐம்பதாயிரமாகக் கட்டுங்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் செடிக்கு விடாதீர்கள். போரில் இருந்ததைவிட உப்பு அதில் கூடுதல். நான் விட்டு ஒரு மாதுளையைக் கொன்றேன்.

மண்ணுக்கு உங்களிடம் கண்மாயே இருக்கிறது. கோடையில் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி விவசாயத்துக்கு வண்டல் அள்ளலாம். நிலத்தில் நடும் குழிக்குப் பாதி வண்டல், பாதி மணல், மட்கிய ஆட்டு எரு. வெறும் வண்டலைக் கொட்டினால் காய்ந்து செங்கல்லாகிவிடும்.

இனி செடி. வெளியிலிருந்து உள்ளே வருகிறேன். தென்மேற்கு, மேற்கு எல்லையில் இருக்கும் சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் பொக்லைன் விட்டுப் பிடுங்காதீர்கள். எனக்கும் அதன்மேல் பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால் புதிதாக நட்டவை தலையெடுக்கும்வரை கச்சானுக்குத் தடுப்பு அதுதான். ஒரு வரிசையை விட்டு வைத்து, அதன் மறைவில் உடை மரம், வேம்பு, பூவரசு, புன்னை நடுங்கள். மூன்று, நான்கு வருடம் கழித்து அந்த வரிசையையும் எடுத்துக் கரி மூட்டம் போடுபவர்களிடம் கொடுத்துவிடலாம். உடை மரத்தைப் பார்த்திருப்பீர்கள், குடை விரித்த மாதிரி தட்டையாகப் படரும், நம் ராமநாதபுரத்தில் பார்க்கிற உருவம். சென்னையில் நான் வேலை செய்த பண்ணை வீடுகளில் அந்த உருவத்துக்காக வெளிநாட்டு மரம் இறக்கினார்கள். பாவா எடை கட்டி வளைத்த கிளை நமக்குக் காற்றே வளைத்துக் கொடுக்கிறது.

வேலிக்குக் கிளுவை. கம்பை வெட்டி நட்டால் போதும். அதற்கு உள்பக்கம் நொச்சி, ஆடாதொடை. ஆடு இரண்டையும் தொடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான்கு வரிசை நட்டேன். பூவுக்கு அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ. காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைந்தால்தான் பூ கூடும், நம் ஊருக்கென்றே படைத்தது. ஒரே நிறமாக வையுங்கள். ஐந்து நிறம் கலந்தால் திருவிழாப் பந்தல் ஆகிவிடும். என்னிடம் இருப்பது வெள்ளை மட்டும். உங்கள் மனைவிக்கு வெள்ளை பிடிக்கும் என்பதால் சொல்கிறேன், சோஃபாவை அங்கே ஈடு கட்டலாம்.

மல்லிகை வேண்டுமென்றால் தங்கச்சிமடத்தில் பதியன் வாங்குங்கள். வெளியூர்க்காரர்கள் வந்து லாரியில் ஏற்றிப்போகிற சரக்கு நமக்கு அரை நாள் பயணம். முற்றத்துக்குள், மழைத்தண்ணீர் ஊற்றி வளருங்கள். சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கு மின்சாரம் போய் எல்லோரும் முற்றத்தில் வந்து உட்காரும்போது அது எதற்கு வைத்தோம் என்று தெரியும்.

கல் பெஞ்சு மட்டும் உங்கள் மனைவி கேட்டபடியே இருக்கட்டும். ஆனால் நீரோரத்தில் வைக்காதீர்கள், நீரோரம் என்பது நம் ஊரில் ஒரே இடத்தில் நிற்காது. பட்டா எல்லைக்குள் ஒரு வேம்பு நிழல் பார்த்துப் போடுங்கள். பழைய துணி துவைக்கிற கல் ஒன்று ஊரில் எங்காவது கிடக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். கண்மாய் நிறைந்த முதல் இரண்டு வாரம் சாயங்காலம் விளக்கு போடாதீர்கள். ஈசலும் பூச்சியும் சோற்றுத் தட்டு வரை வரும். திண்ணையில் மஞ்சள் விளக்கு ஒன்றைத் தாழ்வாக வைத்துவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். தவளைச் சத்தத்தில் முதல் நாள் தூக்கம் வராது. விருந்தாளிகள் புகார் சொல்வார்கள்.

பழைய கணக்கு:

நொச்சி ஆடு தொடாது என்றது சரி. மயிலைப் பற்றி அம்மா சொல்லவே இல்லையே. எங்கள் பக்கம் நாற்று வைத்தால் மறுநாள் காலை குழி மட்டும்தான் இருக்கும்.

முற்றம்:

ஐயா, மயிலுக்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. கன்றைச் சுற்றி முள் கட்டுகிறேன், முள்ளுக்கு மேலே கழுத்தை நீட்டித் தின்கிறது. விரட்டப் போனால் தோகையை விரிக்கிறது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் ஓடுகிறார்கள்.

உப்பூரான்:

அக்கா, கடைசியாக ஒன்று. அடுத்த விடுமுறைக்குக் கார்த்திகையில் வருகிறேன். மனைவியையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டை ஒருமுறை வந்து பார்க்கலாமா? தண்ணீர் கிடக்கும்போது பார்த்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முற்றம்:

தாராளமாக வாருங்கள் தம்பி. ஆனால் கார்த்திகையில் வேண்டாம். விடுமுறையை மாற்ற முடிந்தால் சித்திரை கடைசியில் வாருங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த ஜன்னல் முன்னால் உங்கள் மனைவியை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, உங்கள் அப்பாவும் நானும் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கிறோம். பதநீர் கிடைக்கும் காலம், சொல்லி வைக்கிறேன்.